வியாகுலம், த/பெ சின்னப்பன்

திங்கட்கிழமை காலை பத்தே கால். கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் இ-சேவை மையத்தில் ஜெனிபர் ஷட்டரைத் தூக்கி, கம்ப்யூட்டரைப் போட்டு, முதல் டோக்கனைக் கூப்பிடுவதற்குள் பங்குச்சாமியாரிடமிருந்து போன். உடனே வா, அம்மாவைக் கூட்டிக்கொண்டு வர வேண்டாம் என்றார்.

அம்மா வேண்டாம் என்றதும் ஜெனிபர் ஷட்டரை மறுபடி இறக்கினாள்.

முந்தின நாள் ஞாயிறு பூசையில் அவளுடைய கல்யாண ஓலையை முதல் தடவையாக வாசித்திருந்தார்கள். மூங்கில்துறைப்பட்டு மார்ட்டின், எஸ்தர் இவர்களின் மகன் ராபினுக்கும், கள்ளக்குறிச்சி காலஞ்சென்ற பிரகாசம், உபகாரமேரி இவர்களின் மகள் ஜெனிபருக்கும் திருமணம். தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குக்குருவிடம் தெரிவிக்கவும். இப்படி மூன்று ஞாயிறு வாசித்தால்தான் கோயிலில் தாலி ஏறும். ராபின் வீட்டார் நான்கு பேரும் அன்றைக்கு வந்திருந்து, ஓலையைக் கேட்டு, ஜெனிபர் வீட்டில் பிரியாணி சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். தடை தெரிவிக்க யாராவது எழுந்து வந்ததாக அந்தக் கோயிலில் ஒருத்தருக்கும் நினைவில்லை.

இந்த முறை ஒருவர் தெரிவித்திருந்தார். பெயர் போடாமல்.

விண்ணப்பப் பெட்டியில் கிடந்ததாகச் சொல்லி சாமியார் இரண்டு காகிதங்களை மேசைமேல் வைத்தார். ஒன்று டைப் அடித்த கடிதம். 'களமருதூர் சின்னப்பன் மக்கள் சூசையும் வியாகுலமும் உடன்பிறந்தவர்கள். சூசையின் கொள்ளுப்பேத்தி ஜெனிபர். வியாகுலத்தின் கொள்ளுப்பேரன் ராபின். இரண்டு வீடும் பங்காளிகள். அண்ணனுக்கும் தங்கைக்கும் கோயிலில் வைத்துத் தாலி கட்டப் போகிறீர்களா?' கீழே, நலம் விரும்பி. இன்னொன்று ஜெராக்ஸ். ராபினின் தாத்தா அருளப்பன் படித்த மிஷன் பள்ளியின் மாற்றுச் சான்றிதழ். தகப்பனார் பெயர் என்ற இடத்தில் பழைய கையெழுத்தில் 'வியாகுலம்' என்று இருந்தது.

இவ்வளவு தூரத்து உறவுக்குத் திருச்சபைச் சட்டத்தில் தடை கிடையாது என்றார் சாமியார். சொல்லிவிட்டு அவரே தலையை ஆட்டிக்கொண்டார். சட்டம் ரோமாபுரியில் இருக்கிறது, சம்பந்தம் பண்ணுகிறவர்கள் கள்ளக்குறிச்சியில் இருக்கிறார்கள். அண்ணன் தம்பி பிள்ளைகள் என்றால் எத்தனை தலைமுறை தள்ளிப் போனாலும் பங்காளிதான். அந்த வீட்டுப் பையன் அண்ணன்தான். அடுத்த ஞாயிறு இரண்டாவது ஓலையை வாசிக்கலாமா வேண்டாமா என்று சனிக்கிழமைக்குள் சொல் என்று அனுப்பிவைத்தார்.

எப்படிச் சொன்னால் அம்மா தாங்குவாள் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள் ஜெனிபர். உபகாரமேரி அழவில்லை. நிச்சயத்துக்கு வந்த புடவையை பீரோவிலிருந்து எடுத்தாள், வந்த பையிலேயே மடித்துப் போட்டாள், பையைக் கதவோரம் வைத்தாள்.

"அண்ணனுக்கே பொண்ணைக் குடுத்தாள்னு என் காதுபட ஒருத்தர் பேசக் கூடாது. பங்காளி இல்லைன்னா இல்லைன்னு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து சொல்லட்டும். இந்தப் பை அதுவரைக்கும் இங்கேயே கிடக்கட்டும்."

இரண்டு வருஷமாகக் காதலித்து, எட்டு மாதம் வீட்டில் போராடி வாங்கின கல்யாணம். அது இப்போது ஒரு துணிப்பைக்குள் கிடந்தது.

காகிதம் பொய் சொல்லாது என்று நம்புகிறவர்கள் இ-சேவை மையத்தில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஆதாரில் ஒரு பிறந்த தேதி, ரேஷன் அட்டையில் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் மூன்றாவது. செத்தவர் உயிரோடு இருப்பார். உயிரோடு வந்து நிற்கிறவர் செத்திருப்பார். ஜெனிபருக்கு இதெல்லாம் தினப்படிச் சோறு. அதனால் கடிதத்தின்மேல் வந்த சந்தேகத்தைவிட, அந்த ஜெராக்ஸின்மேல்தான் அவளுக்குச் சந்தேகம் ஜாஸ்தி. ஒரு கிழவரின் பள்ளிச் சான்றிதழ் யார் கையில் இருக்கும்? ஊரான் கையிலா இருக்கும்? அவருடைய பிள்ளை வீட்டு பீரோவில்தான் இருக்கும்.

அப்படியென்றால் எழுதியது அந்த வீட்டு ஆள். அங்கே இருப்பது மார்ட்டின், எஸ்தர், ராபின், ராபினின் தங்கை.

அன்று மதியமே ராபினுக்குப் போன் போட்டாள். அவன் சர்க்கரை ஆலையில் எடை மேடை எழுத்தர். பின்னால் டிராக்டர் சத்தம். தாத்தாவின் பழைய காகிதம் எல்லாம் எங்கே இருக்கிறது என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டாள். அப்பா பீரோவில், சாவி அப்பாவிடம், தான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்றான். எதற்குக் கேட்கிறாய் என்று கேட்டபோதுதான் விஷயத்தைச் சொன்னாள். 

"இப்ப இன்னா பண்றது ஜெனி?" என்றான்.

பொய் என்று அவன் கத்தவில்லை. எவன் எழுதினான் என்று துடிக்கவில்லை. இன்னா பண்றது, அவ்வளவுதான். ஒருவேளை இவனுக்கே கழற்றிக்கொள்ள ஆசையோ? அந்த நினைப்பு வந்ததும் போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவன் கூப்பிட்ட பதினோரு அழைப்பையும் அவள் எடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை இரண்டு காகிதங்கள் கிடைத்தன. இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன.

களமருதூர்ப் பக்கத்துப் பழைய தாய்ப்பங்குக் கோயிலிலிருந்து குடும்பப் பதிவேட்டைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார்கள். 'சின்னப்பன். மக்கள்: சூசை, வியாகுலம்.' கடிதம் சொன்னது சரி. ஆனால் அவளுடைய அப்பாவின் பெட்டியில் இருந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தேழாம் வருஷத்துக் கிரயப் பத்திரத்தில், 'சின்னப்பன் ஏக குமாரன் சூசை' என்று இருந்தது. ஏக குமாரன். ஒரே மகன். அப்படியானால் வியாகுலம் எங்கே போனார்? கூடப்பிறந்த தம்பி இருக்கும்போதே, இல்லை என்று பத்திரம் எழுதினாரா கொள்ளுத்தாத்தா?

தன் பூட்டனையே சந்தேகப்பட வேண்டி வந்தது ஜெனிபருக்கு. மாட்டியிருந்த போட்டோவில் முறுக்கு மீசையோடு நின்ற சூசையைப் பார்த்து, நீ இப்படிப்பட்ட ஆளா என்று மனதுக்குள் கேட்டாள்.

புதன்கிழமை கூட்டம் குறைந்த நேரத்தில் களமருதூர் வாக்காளர் பட்டியலைத் திரையில் திறந்தாள். வியாகுலத்தின் வகையறா யாராவது அங்கே மிஞ்சியிருந்தால் விசாரிக்கலாம் என்று கணக்கு. பக்கம் பக்கமாகத் தள்ளினாள். நாற்பதாவது பக்கத்தில் ஒரு வியாகுலம் கிடைத்தார். வயது எழுபத்தொன்று. அதற்கடுத்த பக்கத்தில் இன்னொரு வியாகுலம், அறுபத்தாறு. வீட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளப் போன விரல் பாதியில் நின்றது.

பெயர், உறவினர் பெயர், வயது, பாலினம். முதல் வியாகுலம், ஆண். இரண்டாவது வியாகுலம், பெண்.

வியாகுல மாதா பேரை ஆணுக்கும் வைப்பார்கள், பெண்ணுக்கும் வைப்பார்கள். ஆரோக்கியம், சகாயம் மாதிரிதான். கிறிஸ்தவ வீட்டில் பிறந்து வளர்ந்தவளுக்கு இது தெரியாத சங்கதி இல்லை. மாற்றுச் சான்றிதழில் தகப்பனார் என்று பார்த்ததும் புத்தி அப்படியே ஆணாக வரித்துக்கொண்டுவிட்டது. பதிவேடு மகன்கள் என்றா சொன்னது? மக்கள் என்றுதானே சொன்னது? பத்திரம் குமாரனைத்தானே ஒன்று என்றது? சின்னப்பனுக்கு ஒரு மகன். ஒரு மகள். இரண்டு காகிதமும் பொய் சொல்லவில்லை.

வியாகுலம் சூசைக்குத் தங்கை என்றால் அடியோடு எல்லாம் தலைகீழ். அவள் வயிற்றுப் பிள்ளை அருளப்பன் ஜெனிபரின் தாத்தாவுக்கு மச்சான் முறை. மார்ட்டின் ஜெனிபருக்கு மாமன் முறை. ராபின் கட்டிக்கொள்கிற முறை.

ஆனால் அதை நிரூபிக்க வேண்டுமே? பிள்ளைக்குத் தகப்பன் பேராக ஏன் தாயின் பேரை எழுத வேண்டும்?

வியாழக்கிழமை மையத்துக்கு விடுப்புச் சீட்டு ஒட்டிவிட்டுத் தாய்ப்பங்குக்கே போனாள். அங்கே இருந்த வயதான சாமியார் ஞானஸ்நானப் பதிவேட்டை, உதிர்கிற அப்பளத்தைத் தொடுவதுபோல் தொட்டுத் திருப்பினார். பழைய பிரெஞ்சுச் சாமியார்கள் லத்தீனில் எழுதியது. நாற்பத்தாறாம் வருஷத்தில் அருளப்பன் அகப்பட்டார். வயது ஏழு.

"வியாகுலத்தோட மகன்னு போட்டிருக்கு. ஞானத்தகப்பன் சூசை. இதுல இன்னாம்மா சந்தேகம்?" என்றார் சாமியார்.

ஜெனிபருக்கு லத்தீன் தெரியாது. ஆனால் தினம் முந்நூறு படிவம் பார்க்கிற கண் அது. மேலே இருந்த பதிவையும் கீழே இருந்த பதிவையும் பார்த்தாள். எல்லாவற்றிலும் பெற்றோர் பெயர் இரண்டிரண்டு, நடுவில் ஒரே குட்டிச் சொல். அருளப்பனுக்கு மட்டும் ஒரே பேர். மற்றவர்களுக்கெல்லாம் மகன் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் லத்தீன் எழுத்தில் 'leg' என்று மூன்றெழுத்துச் சுருக்கம். அருளப்பனுக்கு அது இல்லை. அது என்ன என்று விரலை வைத்துக் கேட்டாள்.

சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். அப்பா அம்மாவுக்குக் கோயிலில் கல்யாணம் ஆகியிருந்தால்தான் அந்தச் சுருக்கத்தைப் போடுவார்கள் என்றார். ஆகாவிட்டால் போட மாட்டார்கள். அந்த மாதிரிப் பிள்ளைக்குத் தகப்பன் பேரே எழுத மாட்டார்கள். தாய் பேர் மட்டும்தான் வரும். இப்படிச் சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தி அவளைப் பார்த்தார். பிள்ளையை எங்கிருந்து கொண்டுவந்தார்கள் என்றும் ஓரத்தில் எழுதியிருப்பதாகச் சொன்னார். மலையிலிருந்து. கல்வராயன்மலையில் வெள்ளிமலை.

வெள்ளிக்கிழமை காலை கச்சிராயபாளையம் வழியாகப் போகிற வெள்ளிமலை பஸ்ஸில் ஜெனிபர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம்கூட ஆதார் முகாம் என்றுதான் சொன்னாள். முதல் கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பும்போது தற்செயலாகப் பின்னால் பார்த்தவள், மூன்று சீட் தள்ளி உட்கார்ந்திருந்த ஆளைப் பார்த்ததும் கம்பியை இறுகப் பிடித்தாள்.

ராபின்.

"போனை எடுக்க மாட்டேன்ற. சென்டர்ல போய்ப் பார்த்தேன், பூட்டிக் கெடந்துச்சு. காலைல பஸ் ஸ்டாண்டுல நீ ஏறுனதைப் பார்த்து ஏறிட்டேன்." அவன் பக்கத்து சீட்டுக்கு வந்தான். "எங்க போய்க்கினு இருக்க?"

"நீ ஏன் பின்னாலயே வர்ற?"

"உன்னைக் கட்டிக்கப் போறவன் வராம வேற எவன் வருவான்?"

அவள் அவன் முகத்தையே கவனித்தாள். வெள்ளிமலைக்கு என்று சொல்லிவிட்டு, கண் அசைகிறதா என்று பார்த்தாள். அசையவில்லை. நடிப்பாகவும் இருக்கலாம்.

வெள்ளிமலை டீக்கடையில் என்ன கேட்பது என்று அவளுக்கே தெரியவில்லை. எழுபது எண்பது வருஷத்துக்கு முன்னால் கீழேயிருந்து வந்து இங்கே வாழ்ந்த ஒரு பெண், கிறிஸ்தவப் பெண் என்று இழுத்தாள். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், வேதக்காரம்மா கல்லைக் கேக்குறீங்களா, அது சடையன் கொல்லையில இருக்குது என்றார். ஜீப்பில் இருபது நிமிஷம்.

சடையன் ஐம்பது வயதுக்காரர். தோண்டிப் போட்ட மரவள்ளிக் கிழங்கை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஜெனிபர் வியாகுலம் என்ற பெயரைச் சொன்னதும் கையில் இருந்த கிழங்கை வண்டிக்குள் போடாமல் தரையில் வைத்தார். அப்படி யாரையும் தெரியாது என்றார். சொன்ன வேகமே காட்டிக்கொடுத்தது. வீட்டு வாசலில் நின்ற அவர் மனைவி ஆயம்மாளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"பொய் சொல்ல வரலைன்னா உடேன். மூஞ்சியைப் பாரு," என்றாள் புருஷனிடம். பிறகு ஜெனிபரிடம் திரும்பி, "நேத்து முந்தாநாள் அவரு வந்து, யாராச்சும் கேட்டா தெரியாதுன்னு சொல்லச் சொல்லிட்டுப் போனாரு. இது என்ன தெரியாதுன்னு சொல்ற பேரா? எங்க மாமனாரோட சின்னம்மா ஆச்சே."

கொல்லைக் கோடியில் பலா மரத்தடியில் நட்டுவைத்த கல். முகப்பில் உளியால் கொத்தின சிலுவை. இப்போதைய சடையனின் தாத்தா பேரும் சடையன்தான். கடுக்காய் மூட்டையோடு சந்தைக்கு இறங்குகிற அந்தத் தாத்தாவோடு, இளைய தாரமாகக் களமருதூரிலிருந்து மலையேறி வந்தவள் வியாகுலம். ஒரு பிள்ளை. பிள்ளைக்கு ஏழு வயதில் அவள் காய்ச்சலில் போய்விட, அண்ணன் சூசை வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் மிஷன் பள்ளியில் சேர்த்தான். பள்ளிக்கூடத்தில் அப்பா பேர் கேட்டபோது சடையன் பேரைச் சொல்ல அண்ணனுக்கு வாய் வரவில்லை. தங்கச்சி பேரைச் சொன்னான். எழுதினவர் ஆண்பிள்ளை பேர் என்று எழுதிக்கொண்டார். இவ்வளவையும் ஆயம்மாள்தான் சொன்னாள். சடையன் நடுநடுவே ஆமாம் போட்டார்.

"யாரு வந்து சொல்லிட்டுப் போனாங்க?" என்று ராபின் கேட்டான்.

"வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு வந்து மெழுகுவத்தி ஏத்துறவருதாங்க. மூங்கில்துறைப்பட்டு மார்ட்டின் அண்ணன்."

ஜெனிபர் கல்லைப் பார்க்கவில்லை. ராபினைத்தான் பார்த்தாள். அவன் முகம் முதலில் ஒன்றும் புரியாமல் இருந்தது. அப்புறம் புரிந்தது. கல்லறைத் திருநாளன்று, நவம்பர் இரண்டாம் தேதி தோறும் ஆலைச் சங்கக் கூட்டம் என்று சொல்லிவிட்டு அப்பா எங்கே போனார் என்று புரிந்தது. திங்கட்கிழமை இரவு, தாத்தாவின் சான்றிதழைப் பற்றி ஜெனி கேட்டாள் என்று தான்தான் அப்பாவிடம் சொன்னோம் என்பதும் புரிந்தது. அவன் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தான். அந்த உட்கார்தலில் நடிப்பு இல்லை. ஐந்து நாளில் முதல் தடவையாக அவன்மேல் இருந்த சந்தேகத்தை அவள் கழற்றி வைத்தாள்.

சனிக்கிழமை காலை இருவரும் மூங்கில்துறைப்பட்டு வீட்டுக்குப் போனபோது மார்ட்டின் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஆலையில் ஓய்வு பெற்றவர், பங்குப் பேரவையில் துணைத் தலைவர். யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் முறை பார்த்துச் சொல்ல அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஜெனிபர் செல்போனில் இருந்த கல்லின் படத்தை அவர் முன்னால் நீட்டி, வருஷா வருஷம் நீங்கள் மெழுகுவத்தி ஏற்றுகிற கல் இதுதானே என்றாள். அவர் பேப்பரை மடித்தார். மறுபடி மடித்தார். கைக்குட்டை அளவுக்கு ஆகும்வரை மடித்துக்கொண்டே இருந்தார்.

"ஓலைக்குப் பூர்வீகம் எழுதிக் குடுத்தீங்களே, களமருதூர் சூசை வகையறான்னு. அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது," என்றார். "அந்த ஊர்ல இன்னும் நாலு பேருக்கு இந்தக் கதை தெரியும். உங்க பக்கத்து சொந்தம்னு கல்யாணத்துக்கு வருவாங்க. பந்தல்ல உக்காந்துக்கினு, தாலி இல்லாம மலையேறிப் போனவ பேரன்தான் இந்த மார்ட்டின்னு பேசுவாங்க."

"அதுக்காக எங்களை அண்ணன் தங்கச்சி ஆக்கிட்டீங்களா?" என்றாள் ஜெனிபர். "கட்டிக்கிற முறைன்னு தெரிஞ்சே எழுதியிருக்கீங்க."

"வேற இன்னா காரணம் சொன்னாலும் நீங்க ரெண்டு பேரும் விட மாட்டீங்க. பங்காளின்னா ரெண்டு வூடும் தானா கையை எடுத்துக்கும்."

ராபின் வாயைத் திறந்தான். ஜெனிபர் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். எங்க வீட்டுக் கதவோரத்தில் ஒரு பை இருக்கிறது என்று மார்ட்டினிடம் சொன்னாள். அதை பீரோவில் வைப்பதா, உங்கள் கையில் கொடுத்தனுப்புவதா என்று அம்மா காத்திருக்கிறாள். நான் சொன்னால் காதலுக்காகக் கதை கட்டுகிறாள் என்பாள். சாமியார் சொன்னாலும் நம்ப மாட்டாள். நீங்கள் சொன்னால்தான் நம்புவாள். வருகிறீர்களா, இல்லையா?

உள்ளேயிருந்து எஸ்தர் வந்து கதவில் சாய்ந்து நின்றாள். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளோ.

"வருஷா வருஷம் ஒளிஞ்சு போய் மெழுகுவத்தி ஏத்துனீங்களே, அந்தம்மாவுக்கு அது போதும்னு நெனச்சுட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். மார்ட்டின் எழுந்து சட்டையை மாட்டினார்.

கள்ளக்குறிச்சி வீட்டில் உபகாரமேரி முழுக்கதையையும் நின்றுகொண்டே கேட்டாள். வியாகுலம் பெண் என்றதும் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. மலை, சடையன் என்றதற்கு ஒரு சுளிப்பும் இல்லை. கடிதம் எழுதியது யார் என்பதை மட்டும் மார்ட்டின் சொல்லாமல் தாண்டிப் போனார். ஜெனிபர் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"எல்லாம் சரி. அந்த மொட்டைக் கடுதாசி எழுதுன புண்ணியவான் யாரு?" என்றாள் உபகாரமேரி.

ஜெனிபர் மார்ட்டின் பக்கம் திரும்பினாள்.   மார்ட்டின் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நான்தான்," என்றார்.

 இதைச் சாமியாரிடமும் நீங்களே போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள், பையை அப்புறம் பார்க்கலாம் என்றாள் உபகாரமேரி.

மார்ட்டின் செருப்பை மாட்டிக்கொண்டு தனியாக இறங்கிப் போனார். தெருமுனையில் இடது பக்கம் கோயில், வலது பக்கம் பஸ் நிலையம். அவர் படி இறங்கியதும் ஜெனிபரும் கிளம்பினாள். இருபதடி இடைவெளி விட்டு, கடை நிழல்களில் ஒதுங்கி, அவர் முதுகை விடாமல் போனாள். அவர் இடது பக்கம்தான் திரும்பினார். சாமியாரின் அலுவலகத்துக்குள் போனார். கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தவர், வாசல் கேட்டருகே நின்ற அவளைப் பார்த்துவிட்டார்.

"நம்பலியா?"

"இல்லீங்க."

"சாமியாரும் நம்பல. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாத்தான் நாளைக்கு ஓலையாம்." அவர் கையில் ஒரு வெள்ளைத்தாள் இருந்தது. "பேனா வெச்சிருக்கியா?"

அவள் கொடுத்தாள். மார்ட்டின் கோயில் படியில் உட்கார்ந்து, அங்கே கிடந்த பாட்டுப் புத்தகத்தைத் தொடைமேல் வைத்து, அதன்மேல் தாளை வைத்து எழுத ஆரம்பித்தார். ஜெனிபர் அவர் பின்னால் நின்று ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். 'என் தகப்பனார் அருளப்பன் என்பவர் கல்வராயன்மலை சடையனுக்கும் களமருதூர் சின்னப்பன் மகள் வியாகுலம் என்பவருக்கும் பிறந்த மகன்.' சடையன் என்று எழுதும்போது பேனா ஒரு நொடி நின்றது. ஆனாலும் எழுதிவிட்டார்.

"ஒண்ணு திருத்துங்க," என்றாள் ஜெனிபர், குனிந்து அந்தப் பெயரின்மேல் விரலை வைத்து. "மகள்ங்கிறதை நாளைக்கு எவனாச்சும் கைத்தவறா மகன்னு காப்பி எடுப்பான். வியாகுலம்மாள்னு போடுங்க."

மார்ட்டின் அந்தப் பெயரை அடித்துவிட்டு, அதற்கு மேலே எழுதினார்.